வலது கயிறு, இடது கயிறு

டிசம்பர் 19

பாதாமி ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஐந்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அண்ணன் மகள் தன் பெங்களூரு க்ளைம்பிங் கூட்டத்தோடு முன்பே வந்து தங்கியிருக்கிறாள். பையைக் கீழே வைத்ததும் முதல் உத்தரவு போட்டாள்: "சித்தப்பா, இன்னைக்கு கேமராவ வெளிய எடுக்காதீங்க. ரூட்ட மட்டும் பாருங்க."

கல்யாணப் படம் எடுக்கப் போனாலும் முதல் நாள் மண்டபத்தைச் சும்மா சுற்றிவிட்டு வருகிறவன்தான் நான். அதனால் மறுபேச்சில்லை.

அவள் ஏறும் சுவர் மேற்கே பார்த்தது. உயரம் 20 மீட்டர் இருக்கும். சிவப்பு மணற்கல். போகிறவர்கள் எல்லோரும் ஹம்பி ஹம்பி என்று போகிறார்களே, அது சாம்பல் கருங்கல். உருண்டு கிடக்கும் பாறைகள். இங்கே மலையே செங்குத்தாக வெட்டி நிறுத்தியதுபோல நிற்கிறது. குறுக்கே அடுக்கடுக்காகக் கோடுகள், அநேகமாக மட்டமாகவே ஓடுகின்றன. படமெடுப்பவனுக்கு இந்தக் கோடுகள் நண்பனா எதிரியா என்று பார்க்க வேண்டும்.

அவள் ஏற, அவளுடைய ஹைதராபாத் தோழி கீழே நின்று பிலே கொடுத்தாள், அதாவது விழுந்தால் தாங்கக் கயிற்றைப் பிடித்தாள். தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். பாறையில் அடித்திருக்கும் முதல் போல்ட் வரைக்கும் சரி. அதற்கு மேல் தெரிவதெல்லாம் ஷூவின் அடிப்பகுதியும் ஹார்னஸின் பின்பக்கமும்தான். முகம் இல்லை, கை இல்லை, பாறை எவ்வளவு செங்குத்து என்ற சேதியும் இல்லை. க்ளைம்பர்கள் இந்தக் கோணத்துக்கு ஒரு கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். அண்ணன் மகள் படிக்க நேரலாம் என்பதால் இங்கே எழுதவில்லை.

மேலே தொங்கினால்தான் படம். அது பெங்களூரு ஜிம்மில் கயிறேறும் ஜூமர் கருவியைப் பழகும்போதே தெரியும். எங்கே தொங்குவது என்பதுதான் கேள்வி.

நோட்டில் குறித்தது: பகல் 12 மணி வரை சுவர் முழுக்க நிழல். 12.25 வாக்கில் சூரியன் நேர் தெற்கே வருகிறது. மார்கழி என்பதால் உச்சியிலும் தலைக்கு மேலே வருவதில்லை. 50 டிகிரி உயரத்தோடு சரி. அதற்குப் பிறகு வெளிச்சம் சுவரை வலப்பக்கமிருந்து உரசிக்கொண்டு வருகிறது. மாலை ஐந்துக்கு ஏறக்குறைய முகத்துக்கு நேரே. ஆறு மணிக்கு அஸ்தமனம்.

அண்ணன் மகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். நாலாவது போல்ட்டுக்கு மேலேதான் க்ரக்ஸ், ரூட்டின் மிகக் கடினமான இடம். இடது கை பக்கவாட்டுப் பிடியில் இழுத்து நிற்க, வலது கை தலைக்கு மேல் ஒரு பிளவுக்கு எட்ட வேண்டும். "அப்போ எந்தப் பக்கம் பார்ப்ப?" என்றேன். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லையாம். கண்ணை மூடி, கைகளைக் காற்றில் வைத்து நடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வலது. மேல."

டிசம்பர் 20

முகம் வலது பக்கம் திரும்பும் என்றால் கயிறும் வலது பக்கம். கணக்கு எளிது. உள்ளூர்த் தம்பி ஒருவர் இந்தச் சுவரின் ஒவ்வொரு போல்ட்டையும் அறிந்தவர். மேலே இரண்டு தனித்தனி போல்ட்டில் எனக்கென்று ஸ்டாட்டிக் கயிறு கட்டிக் கொடுத்தார். ஏறுகிறவர்களின் கயிறு இழுபடும். இது இழுபடாது, தொங்கி வேலை செய்ய இதுதான் வேண்டும். விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் பழைய ஜீன்ஸ் துணியை மடித்து வைத்தார். மணற்கல் உப்புத்தாள் மாதிரி. மேலும் கீழும் ஆடுகிற ஆள் ஒருவன் தொங்கினால் கயிற்றின் உறையைத் தின்றுவிடும்.

கேமராவுக்கு இரண்டு பட்டை: ஒன்று கழுத்தில், இன்னொன்று ஹார்னஸில். லென்ஸ் மூடியைக் கீழேயே விட்டாயிற்று, ஹூடுக்கு டேப் சுற்றியாயிற்று. கயிற்றில் தொங்கிக்கொண்டு லென்ஸ் மாற்றுவதில்லை என்று எனக்கே ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். கீழே நிற்பது யாரோ வீட்டுப் பிள்ளை. இன்று 16-35 மட்டும். லென்ஸ் மூடியைப் பற்றி ஒரு சேதி: கீழே வைத்திருந்த அதைக் குரங்கு எடுத்துப் போய்விட்டது. மின்னுகிற எதுவும் இந்த ஊரில் மனிதருக்குச் சொந்தமில்லை.

ஒன்றரை மணிக்குத் தோழி ஏறினாள். அவளுக்கு மூன்று மீட்டர் வலப்பக்கம், மூன்று மீட்டர் மேலே நான். சூரியன் என் முதுகுக்குப் பின்னால். ஸ்டுடியோவில் அப்பா சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதானே, வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று. படத்தில் அவள் தோளின் மேல் ஒரு கறுப்பு உருவம் விழுந்து கிடந்தது. காலை ஆட்டினேன், அதுவும் ஆட்டியது. அந்த நேரத்துச் சூரியன் நிழலைச் சரியாக மூன்று மீட்டர் இடப்பக்கமும் மூன்று மீட்டர் கீழேயும் தள்ளுகிறது. க்ளைம்பர் இருக்கிற இடமே அதுதான்.

நாலு மணிக்கு நிழல் என் காலடிக்குச் சுருங்கிவிட்டது. முகம் தெரிகிறது, நிறம் நன்றாக இருக்கிறது. ஆனால் பாறை தட்டை. அத்தனை சொரசொரப்பும் எங்கே போயிற்று? வெளிச்சம் நேராக அடித்தால் பாறையின் மேடுபள்ளங்களின் நிழல் எல்லாம் அவற்றுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. அவள் நகக்கண்ணால் பற்றியிருக்கும் அரை விரற்கடை விளிம்பு, படத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருக்கிறது. இவ்வளவு சின்னப் பிடியில் ஒருத்தி நிற்கிறாள் என்பதுதானே சேதி? பிடி தெரியாவிட்டால் அவள் சும்மா சுவரில் ஒட்டியிருக்கிறாள் என்றாகிவிடும்.

இரவு ஜோளத ரொட்டி, எண்ணெக் கத்திரிக்காய், கடலைச் சட்னி. கை சிவந்திருப்பதால் ரொட்டியைப் பிய்க்கக் கஷ்டம்.

டிசம்பர் 21

இன்று அண்ணன் மகள் ரூட்டை விழாமல் முடித்தாள். காலை எட்டு மணிக்கு, நிழலில், குளிரில். நான் கேமரா இல்லாமல் கீழே கல்லில் உட்கார்ந்திருந்தேன். அது அவள் கேட்டுக்கொண்டது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது; இதைப் படத்தை மட்டும் பார்க்கிறவர்கள் யோசிப்பதில்லை. ஏறுகிறவர்களுக்கு நிழல் வேண்டும். பாறை குளிர்ந்திருந்தால் விரல் வியர்க்காது, ஷூவின் ரப்பரும் நன்றாகப் பிடிக்கும். எனக்கோ வெயில் வேண்டும். இந்தச் சுவரில் நல்ல ஏற்றம் காலையில், நல்ல படம் பிற்பகலில். இரண்டையும் ஒரே நேரத்தில் தரச் சொன்னால் பாறை தராது.

கேமரா வேண்டாம் என்றதற்கு வெட்கம் காரணமில்லை. "மேல ஒருத்தர் தொங்கிட்டிருந்தா, அவர் ஒருத்தர் இருக்கார்ங்கறதே மனசுல ஒரு ஓரமா ஓடும் சித்தப்பா." நியாயம்தான். அலெக்ஸ் ஹானல்ட் 2017 ஜூன் 3 அன்று எல் கேபிடனில் ஃப்ரீரைடர் பாதையைக் கயிறில்லாமல் ஏறினாரே, 900 மீட்டர்ச் சுவரில் நாலு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக. அதைப் படமாக்கிய ஜிம்மி சின் குழுவின் பெரிய தலைவலி இதுவாகத்தான் இருந்தது. எல்லாரும் அவருடைய நண்பர்கள், எல்லாரும் ஏறத் தெரிந்தவர்கள். அப்படியிருந்தும் மிகக் கடினமான இடத்தில் ஆளே இல்லாமல் தூரத்திலிருந்து இயக்கும் கேமராவைப் பொருத்தினார்கள். படமெடுப்பவனின் சிறந்த இடம் சில நேரங்களில் அவன் இல்லாத இடம். அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியதைப் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை.

பிற்பகல், கயிற்றை இடது பக்கம் மாற்றினோம். இப்போது சூரியன் எனக்கு எதிரே, வலது ஓரமாக. ஹூடும் போதாமல் இடது உள்ளங்கையால் லென்ஸுக்குக் குடை பிடித்தேன்.

பாறை வேறு பாறையாகிவிட்டது. ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு நிழல், ஒவ்வொரு துளைக்கும் ஒரு ஆழம். சாக்பவுடர் பைக்குள் கைவிட்டு அவள் ஊதியபோது தூள் புகைபோல எழுந்து எதிர்வெயிலில் பற்றி எரிந்தது. முடியின் விளிம்பில், முழங்கை விளிம்பில் ஒரு ஒளிக்கோடு. முகம் நிழலில் இருந்தாலும் கறுக்கவில்லை. ஒரு முழம் தள்ளியிருக்கும் சிவந்த பாறையே வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. எந்த ரிஃப்ளெக்டரும் இந்தச் செம்பொன் நிறத்தைத் தராது.

எல்லாம் சரி. க்ரக்ஸில் மட்டும் பின்மண்டை. முகம் வலப்பக்கம், நான் இடப்பக்கம். வெளிச்சம் ஒரு கயிற்றைக் கேட்கிறது, முகம் இன்னொரு கயிற்றைக் கேட்கிறது.

டிசம்பர் 22

ராத்திரி தூறல். காலையில் உள்ளூர்த் தம்பி சுவரடியில் மண்ணை விரலால் குடைந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மேல்மண் உலர்ந்து உள்ளே ஈரமிருந்தால் பாறைக்குள்ளும் ஈரமிருக்கிறது என்று கணக்கு. நனைந்த மணற்கல் வலுவிழந்துவிடும், பிடி உடையும். உடைந்த பிடி திரும்ப முளைக்காது. ஆகவே இன்று விடுமுறை, குகைக் கோயில்களுக்குப் போனோம்.

தமிழன் பாதாமிக்கு வந்தால் வாதாபி என்றுதான் சொல்லிப் பார்க்கிறான். பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் இங்கே வந்து போனதற்குச் சாட்சியாக அவன் பெயரிலேயே சிதைந்த கல்வெட்டு ஒன்று பாறையில் இருக்கிறது. சிவகாமியின் சபதம் படித்த வயதில் இந்த ஊர் எனக்கு வெறும் எரிகிற கோட்டை. இப்போது படிகளில் ஏறும்போது மனம் சாளுக்கியர் கட்சிக்குச் சாய்ந்துவிட்டது. இவ்வளவு நன்றாகச் செதுக்கியவர்களோடு என்ன சண்டை?

முதல் குகைக்கு வெளியே, வாசலை ஒட்டிய பாறையில், 18 கை நடராசர். அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். பக்திக்காக என்று அண்ணன் மகள் நினைத்திருப்பாள். நான் கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். 18 கை இருந்தும் எண்ண முடிகிறது, அதுதான் விஷயம். ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் விசிறியாக விரிந்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் கொஞ்சம் வெற்றுப் பாறை. நம் படத்தில் இருப்பது இரண்டே கை, இரண்டே கால். அதற்கே ஒரு கை தலைக்குப் பின்னால் மறைகிறது, ஒரு கால் இன்னொன்றோடு ஒட்டிப் போகிறது. பார்க்கிறவனுக்கு ஒரு மூட்டை தொங்குவதுபோல இருக்கிறது. முழங்காலுக்கும் பாறைக்கும் நடுவே, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சிறிது இடைவெளி தெரிந்தால் போதும், உடம்பு என்ன செய்கிறது என்று ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

மூன்றாம் குகையில் வேறு பாடம். கி.பி. 578 என்று காலம் தெரிந்த குகை. மங்களேசனின் கல்வெட்டு இருக்கிறது. தாழ்வாரத்தின் கிழக்குக் கடைசியில் ஆதிசேடன் மேல் அமர்ந்த விஷ்ணு. குகை வடக்கே பார்த்தது, மார்கழி வெயில் உள்ளே நேராக நுழையாது. திறந்த பக்கத்திலிருந்து வருகிற வானத்து வெளிச்சம் சிலையின் மேல், பார்க்கிறவனுக்கு இடமிருந்து வலமாக, பக்கவாட்டில் மட்டும் படுகிறது. கன்னத்தின் ஒரு பக்கம் துலக்கம், மறுபக்கம் மெல்ல மெல்ல இருட்டு. செதுக்கியவன் இந்த வெளிச்சத்தில்தான் செதுக்கினான், ஆகவே இந்த வெளிச்சத்தில்தான் அது முழுசாகத் தெரியும். பக்கத்தில் ஒரு சுற்றுலாப் பயணி செல்போன் ஃப்ளாஷை நேரே அடித்தார். விஷ்ணு மாவுக்கோலமாகிவிட்டார்.

இந்தக் குகைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. எங்கள் க்ளைம்பர்கள் இவற்றின் பக்கத்துச் சுவர்களைத் தொடுவதில்லை. தொடவும் கூடாது.

டிசம்பர் 23

மண்ணில் இன்னும் ஈரம். துணிக் கச்சேரி நடந்தது.

அண்ணன் மகள் வழக்கமாகப் போடுவது குங்கும நிறச் சட்டை. சிவப்புப் பாறையில் அது கரைந்து, தலையும் கையும் மட்டும் தனியாக மிதக்கின்றன. வெள்ளை வேண்டாம், வெயிலில் வெளுத்து விவரம் போய்விடும், சாக்பவுடர் படிந்த கையிலிருந்து கண்ணைப் பறித்துக்கொள்ளும். கறுப்பு, எதிர்வெயிலில் ஒரு ஓட்டை. தோழியின் பெட்டியில் மயில்கழுத்து நிறத்தில் ஒன்று கிடைத்தது. முப்பது வருஷமாக முகூர்த்தப் பட்டுகளைப் பார்த்து வருகிறவனுக்கு அந்த நிறம் செம்மண் நிறத்துக்குப் பக்கத்தில் என்ன செய்யும் என்று தெரியாதா?

வெள்ளைச் சமநிலையைக் கேமராவின் ஆட்டோவில் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பாறை முழுக்கச் சிவப்பு என்றால் கேமரா அதைக் குறையாக எண்ணி நீலத்தைக் கலந்து 'திருத்துகிறது'. 5500 கெல்வினில் பூட்டிவிட்டேன். நிழலில் இருக்கிற வடக்குச் சுவருக்கு மட்டும் 7000-க்கு மேலே போக வேண்டும்; அங்கே வெளிச்சம் என்பதே நீல வானம்தான்.

அந்த வடக்குச் சுவரை மாலையில் போய்ப் பார்த்தோம். இந்த மாதத்தில் நாள் முழுக்க நிழல். ஏறுகிறவர்களுக்குச் சொர்க்கம், எனக்குச் சோம்பல் வெளிச்சம். ஆனால் மேலே துருத்திய கூரைபோன்ற இடம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் ஆள் இருந்தால், பின்னால் வெயிலில் கிடக்கும் வயல்கள் பளீரென்று வெளுத்துப் போகும். கல்யாணக்காரன் கை தானாக ஃப்ளாஷைத் தேடுகிறது. தேடலாம், ஆனால் அடக்கமாக. கேலன் ரோவல் தன் ஃப்ளாஷை வழக்கமாக 1.7 ஸ்டாப் குறைத்து வைப்பார். ஃப்ளாஷ் போட்டதே தெரியக் கூடாது, நிழலுக்குள் கண் மட்டும் திறக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பெர்க்லியில் கார் மெக்கானிக் கடை வைத்திருந்த மனிதர். 1972-ல் கடையை விற்றுவிட்டுக் கேமராவைத் தூக்கினார். இரண்டே வருஷத்தில், ஹாஃப் டோம் சுவரை ஆணி அடிக்காமல் ஏறிய கதை அவர் எடுத்த படங்களோடு நேஷனல் ஜியாக்ரஃபிக்கில் வந்தது. அந்த ஏற்றத்தில் அவரும் ஒரு கயிற்றாள். வேடிக்கை பார்க்க வந்தவரில்லை. அதுதான் அந்தப் படங்களில் இருக்கிறது.

குடை, சாஃப்ட்பாக்ஸ் எல்லாம் சுவரில் நடக்காது. காற்று அதைப் பாய்மரமாக்கிவிடும். நீளக் கழியின் நுனியில் சின்ன ஃப்ளாஷ், கழியைப் பிடிக்க ஒரு ஆள். அடுத்த முறைக்கு.

டிசம்பர் 24

மண் உலர்ந்துவிட்டது. படம் கிடைத்துவிட்டது. விவரமாக எழுதி வைக்கிறேன்.

நேற்றிரவு அண்ணன் மகளை மறுபடி நடிக்கச் சொன்னேன். இந்த முறை க்ரக்ஸை இல்லை. க்ரக்ஸுக்குப் பிறகு வருவதை. பிளவில் வலது கை மாட்டிக்கொள்கிறது. பிறகு? "கால மாத்துவேன். அப்புறம் இடது கைய உதறி விடுவேன், மரத்துப் போயிருக்கும்." பிறகு? "க்விக்ட்ரா இடது பக்கம் மேல இருக்கு. அதப் பார்ப்பேன்." க்விக்ட்ரா என்பது கயிற்றை மாட்டப் போல்ட்டில் தொங்கும் கொக்கி. இடது பக்கம், மேலே. என் கயிறு தொங்குகிற பக்கம்.

அப்பா தாலி கட்டும் நேரத்தில் ஒரு காரியம் செய்வார். எல்லாக் கேமராவும் முடிச்சை நோக்கும்போது அவர் அதை ஒரு படம் எடுத்துவிட்டு, உடனே திரும்பிப் பெண்ணின் அம்மாவைப் பார்ப்பார். முடிச்சு எல்லார் ஆல்பத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எட்டிப் பிடிக்கிற கை என்பதும் ஏறக்குறைய எல்லாக் க்ளைம்பிங் படத்திலும் ஒன்றுதான். பிடித்த பிறகு, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற முகத்தில்தான் ஆள் இருக்கிறாள்.

மூன்று மணிக்கே இடது கயிற்றில் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றால் ஹார்னஸுக்குக் கீழே ஒரு பலகையைத் தொங்கவிட்டு. இல்லாவிட்டால் அரை மணியில் கால் மரத்துவிடும். சுவரோடு ஒட்டித் தொங்கினால் அகல லென்ஸில் பாதி ஃபிரேம் வெறும் பாறை. இரண்டு காலையும் சுவரில் ஊன்றி வெளியே தள்ளிக்கொண்டால் அவளுக்குப் பின்னால் உயரம் விரிகிறது: பிலே கொடுக்கும் தோழியின் சின்னத் தலை, வேப்ப மரங்கள், ஊரின் மாடிகள். தரை தெரிய வேண்டும். தரை இல்லாத உயரம் உயரமில்லை.

மாடிகளில் ஒன்றில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அது சரியாக அவள் தலைக்குப் பின்னால் வந்து ஒரு தொப்பி மாதிரி உட்கார்ந்தது. அரை மீட்டர் கீழே இறங்கினேன். தொட்டி தோளுக்கு மேலே போய் ஒதுங்கியது. மேலேயிருந்து எடுக்கும் படத்தில் பின்புலம் என்பது தரைதான், அதை நகர்த்த முடியாது, நாம்தான் நகர வேண்டும்.

அளவுகள்: ஷட்டர் 1/800, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400. எக்ஸ்போஷரை நான் கையால் வைத்தேன். வெயில் பட்ட பாறையை நம்பினால் கேமரா இவள் முகத்தைக் கரியாக்கிவிடும். நம் ஊர்த் தோலுக்கு அதில் பழைய அனுபவம் உண்டு. முகத்துக்கு அளந்து, பிறகு சாக்பவுடர் படிந்த கை முழுக்க வெளுக்காத அளவுக்குக் கொஞ்சம் குறைத்தேன். ரா கோப்பு என்பதால் நிழலை வீட்டில் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன வெள்ளைக்கு மட்டும் வீட்டிலும் மருந்தில்லை.

மூன்றே முக்காலுக்கு அவள் நாலாவது போல்ட்டுக்கு மேலே வந்தாள். எட்டினாள், அப்போது நான் எடுக்கவில்லை. தோழி கீழிருந்து "எடுங்க, எடுங்க" என்று கத்தினாள். பிளவுக்குள் விரல்கள் மாட்டின. கால் மாறியது. இடது கை தொங்கி, விரல்கள் விரிந்து உதறின. வலது முழங்கால் வெளிப்பக்கம் திறந்து, அதற்கும் பாறைக்கும் நடுவே ஒரு முக்கோண வெளி. நிமிர்ந்து இடது பக்கம் பார்த்தாள். என்னை இல்லை, என் தோளுக்குப் பக்கத்தில் ஆடிய க்விக்ட்ராவை. அந்தக் கண்ணில் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. சின்னச் சின்னதாக மூன்று, நான்கு கிளிக். ஒரேயடியாக விரலை அழுத்திக்கொண்டே இருந்தால் எந்த நொடிக்காகக் காத்திருந்தோம் என்பதே மறந்துவிடும்.

டிசம்பர் 25

மடிக்கணினியில் தேர்வு. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து அபிப்பிராயம் சொல்வதால் ஆகிற வேலையும் கெடுகிறது.

கூட்டத்தில் ஒருவர் படத்தைக் கொஞ்சம் சாய்த்தால் 'இன்னும் பயங்கரமா' இருக்கும் என்றார். சாய்த்துக் காட்டினேன். செங்குத்துச் சுவர் சட்டென்று வெளியே துருத்திய சுவராகிவிட்டது. பெரிய வித்தை ஒன்றுமில்லை, பலரும் செய்வதுதான். ஆனால் பாதாமி காட்டிக் கொடுத்துவிடும். குறுக்கே ஓடும் மணற்கல் அடுக்குகள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்து நிற்கின்றன. ஊரும் சேர்ந்து சரிகிறது. கயிறும் நேராகக் கீழே தொங்காமல் காற்றில் சாய்ந்து நிற்கும். முதல் நாள் யோசித்தேனே, கோடுகள் நண்பனா எதிரியா என்று: என் பக்கம் இல்லை, பார்க்கிறவன் பக்கம்.

சாய்க்காமலே வயிற்றைக் கலக்குகிற படம் வேண்டுமென்றால் ஹைன்ட்ஸ் சாக் 1986-ல் எடுத்ததைப் பார்க்கலாம். யோசெமிட்டியில் செபரேட் ரியாலிட்டி என்கிற பிளவு, கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் கூரை. கீழே பள்ளத்தாக்கு 200 மீட்டர். வொல்ஃப்காங் குல்லிஷ் கயிறில்லாமல் அதில் தலைகீழாகத் தொங்குகிறார். உடம்பு முழுக்கத் தெரிகிறது, கைகால் தனித்தனியாக, பின்னால் பள்ளத்தாக்கின் அடி. அவ்வளவுதான், வேறு அலங்காரமே இல்லை. எடுத்தவரும் சாமானியரில்லை. 2005-ல் அவரே அதே கூரையைக் கயிறில்லாமல் ஏறினார்.

நான் எதையும் சாய்க்கவில்லை. ஓரத்தில் வெறும் பாறையாக இருந்த ஒரு பட்டையை மட்டும் வெட்டினேன். அவள் பார்க்கும் திசையில் இடம் விட்டேன்.

டிசம்பர் 26

க்ளைம்பிங் குழுவின் ஆண்டு மலருக்கு ஒரு படமும் ஒரு வரியும் அனுப்ப வேண்டும். வரியில் சண்டை.

அவள் ரூட்டை முடித்தது 21-ம் தேதி காலை, நிழலில். படம் 24-ம் தேதி பிற்பகல், வெயிலில். 24 அன்று அவள் முழு ரூட்டையும் ஏறவில்லை. கீழ்ப்பாதியில் கயிற்றில் ஓய்வெடுத்துக்கொண்டு மேல்பாதியை மட்டும் ஏறினாள். அவள் எழுதி வைத்திருக்கும் வரி: "படத்துக்காக மறுபடி ஏறியது." தோழிக்கு அது பிடிக்கவில்லை, படத்தின் கெத்தே போய்விடும் என்கிறாள்.

நான் அண்ணன் மகள் கட்சி. இந்தத் தொழில் பிறந்ததே அப்படித்தான். இங்கிலாந்தின் கெஸ்விக் ஊரில் ஏப்ரகாம் சகோதரர்கள், ஜார்ஜும் ஆஷ்லியும், 1890-களில் கண்ணாடித் தகடு போட்ட கனமான கேமராவைப் பாறை மேல் தூக்கிப்போய் எடுத்தார்கள். அந்தக் காலத்துத் தகட்டுக்கு வெளிச்சம் பிடிக்க நேரம் வேண்டும். ஏறுகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிடியில் அசையாமல் நின்றாக வேண்டும். அசைந்தால் தகடு வீண். அன்றிலிருந்து இன்றுவரை நல்ல க்ளைம்பிங் படங்களில் பல இன்னொரு முறை ஏறியவைதான். ஏறியது பொய்யில்லை, பிடி பொய்யில்லை, விழுந்தால் கயிறு பிடிப்பதும் பொய்யில்லை. தேதியை மட்டும் மறைப்பானேன்?

வரி அப்படியே போனது. தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. சாயங்காலம் தன் ரூட்டையும் இடது கயிற்றிலிருந்து எடுத்துத் தரச் சொன்னாள்.

டிசம்பர் 27

ரயிலில். படத்தை நேற்று அண்ணனுக்கும் அனுப்பியிருந்தேன். காலையில் போன்.

"டேய், கயிறு எங்கடா?"

திறந்து பார்த்தேன். ஆமாம். நான் தேர்ந்தெடுத்த படத்தில் கயிறு ஹார்னஸிலிருந்து இறங்கித் திறந்த முழங்காலுக்குப் பின்னால் போகிறது. அதற்குக் கீழே தொடையோரம் பாறை நிழலில் கலந்துவிடுகிறது. வெளியாள் பார்த்தால் கயிறே இல்லை. முக்கோண வெளிக்காகக் கொண்டாடிய அதே முழங்கால்தான்.

"இருக்குண்ணே. முழங்காலுக்குப் பின்னாடி இருக்கு."

"எனக்குத் தெரியற மாதிரி இருக்கணும். அவ அம்மா காலைலேர்ந்து சாப்பிடல."

அடுத்த கிளிக்கில் அவள் கயிற்றை இழுத்து க்விக்ட்ராவில் மாட்டப் போகிறாள். முகம் கொஞ்சம் திரும்பிவிட்டது, முக்கோணமும் மூடிக்கொண்டது. ஆனால் வெளிர் பச்சைக் கயிறு இடுப்பிலிருந்து கை வரைக்கும், பிறகு கீழே தோழியின் கை வரைக்கும் ஒரே கோடாக, வெயிலில் தெளிவாகத் தெரிகிறது. சொல்லப்போனால் கண்ணைத் தரை வரைக்கும் கூட்டிப்போவது அந்தக் கோடுதான். அதை அனுப்பினேன்.

ஐந்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: "சரி. முடிச்சு யார் போட்டது?"